பச்சை நூல் கட்டிய அட்டை

அத்தியாயம் 16

பச்சை நூல் கட்டிய அட்டையைப் பார்த்தால் யாருடையது என்று கேட்கக் கூடாது. அந்தத் தையல் கடையில் அப்படி ஒரு வழக்கம்.

எல்லா வாடிக்கையாளருக்கும் ஓர் அளவு அட்டை உண்டு. மேலே பெயர், கீழே தோள், கை, மார்பு, இடுப்பு. ஆனால் தன் அளவு அடுத்தவர் கண்ணில் படக் கூடாது என்று நினைக்கிற பெண்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுடைய அட்டையில் பெயர் இருக்காது. மூலையில் துளை போட்டு ஒரு பச்சை நூல் மட்டும் கட்டியிருக்கும்.

வழக்கத்தைக் கொண்டுவந்தவள் டேப்பு. எந்நேரமும் கழுத்தில் இன்ச் டேப்போடு திரிவதால் நாத்தனார் வைத்த பெயர். இப்போது வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அளவு எடுப்பது அவள். வெட்டுவது அவள் கணவர். அவரைத் தெருவே கட்டர் என்றுதான் சொல்லும். பட்டன் துளைக்குக் காஜா எடுப்பது, பட்டன் வைப்பது எல்லாம் கட்டரின் அக்கா. அவள் காஜா அக்கா.

தன் அளவுக்கே ஒருநாள் பச்சை நூல் கட்ட வேண்டியிருக்கும் என்று டேப்பு நினைத்ததில்லை.

டாக்டரம்மாவின் அறையில் கடந்த வாரம் அவளை விட்டுவந்தோம். இரண்டரை வருடத்தில் நாற்பத்தொரு கிலோ குறைத்தவள் அவள். மாடிப்படி ஏறும்போது அழுத மூட்டு இப்போது அழுவதில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஆனால் எடை போன இடத்தில் தோல் அப்படியே இருந்தது. பஞ்சை எடுத்துவிட்ட தலையணை உறை போல மார்பு தொங்கியது. மடிப்புக்குக் கீழே வெயில் காலம் முழுக்கப் புண். மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த டிரையல் ரூமில் நாளெல்லாம் நிற்கிறவள், தன் உடை மாற்றும்போது மட்டும் விளக்கை அணைத்துவிடுவாள்.

மார்பைத் தூக்கித் தைக்கிற ஆபரேஷன் ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, தனியாகப் போய், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று வாரத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதை விட்டால் நான்கு மாதம் ஆகும். அப்போது பள்ளிச் சீருடை வந்துவிடும். கடையில் மூச்சு விட முடியாது. இன்று மாலை ஐந்து மணிக்குள் சரி, இல்லை என்று சொல்ல வேண்டும்.

மனசுக்குள் சரி சொல்லியாகிவிட்டது. கணவரிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

*

காலை ஒன்பதரை. டிரையல் ரூம் திரைக்குப் பின்னால், ஒரு வங்கி அதிகாரியின் கோட்டுக்கு முதுகில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள் டேப்பு. வாயில் இன்னும் நான்கு ஊசிகள்.

வெளியே அட்டைப் பெட்டியைத் திறக்கும் சத்தம்.

"அக்கா, கடையில நாம போட்டுக்கற கோட்டுக்கு இந்த வருஷம் ரெண்டு அட்டை புதுசா எழுதணும். உன்னோடது ஒண்ணு, அவளோடது ஒண்ணு. ரெண்டும் மூணு வருஷப் பழசு."

"எனக்குப் பழசே போதும்டா. நான் என்ன வளரவா போறேன்?"

"போன வருஷமும் இதைத்தான் சொன்ன."

"அடுத்த வருஷமும் சொல்லுவேன். உன் பொண்டாட்டியை எழுது. பாதி ஆளைக் காணோம். நாற்பது கிலோ காணாமப் போச்சுன்னு போலீஸ்ல எழுதிக் குடுத்தாளான்னு கேளு."

வங்கி அதிகாரி சிரித்தார். டேப்புவுக்கும் சிரிப்பு வந்தது. ஊசியோடு சிரிக்க முடியாது.

அப்புறம் கட்டரின் குரல் கொஞ்சம் மாறி வந்தது. "இது யாரோட அட்டை?"

"பச்சை நூலா?"

"ம்."

"பச்சை நூல்னா கேக்கக் கூடாதுடா. கடை வச்சு இருபது வருஷம் ஆச்சு, அது கூடத் தெரியாதா?"

"யாருன்னு கேக்கல. அளவு தப்பா இருக்குன்னு சொல்றேன். ஒரே ஆளுக்கு ரெண்டு டாட் பாயின்ட் போட்டிருக்கு."

டேப்புவின் கை நின்றது. தோளின் உச்சியிலிருந்து மார்பின் நுனி வரைக்கும் எடுக்கிற அளவுதான் டாட் பாயின்ட். நேற்றுச் சாயங்காலம் தனியாக நின்று எடுத்துப் பார்த்தாள். இப்போது பதிமூன்றே முக்கால். ஆபரேஷனுக்குப் பிறகு சுமாராக எவ்வளவு ஏறும் என்று டாக்டரம்மா சொன்னதை வைத்துக் கணக்குப் போட்டால், பத்தரை. எழுதி, பழக்க தோஷத்தில் நூலும் கட்டி, கைப்பையில் வைக்க நினைத்தாள். வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். கை தானாகவே தினமும் போடுகிற பெட்டியில் போட்டிருக்கிறது.

பெட்டியில் விழுந்தால் அது ஆர்டர்.

"அக்கா தங்கச்சியா இருக்கும்டா. ஒரே அட்டையில எழுதிட்டா போல."

"மத்ததெல்லாம் ஒண்ணுதானே? தோள் ஒண்ணு, கை ஒண்ணு, இடுப்பு ஒண்ணு. இது மட்டும் மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"அப்ப ஏணியில நிக்கும்போது ஒரு தடவை எடுத்திருப்பா, இறங்கினதும் ஒரு தடவை எடுத்திருப்பா. என்னைக் கேட்டா?"

அட்டையைப் புரட்டும் சத்தம் கேட்டது.

டேப்பு ஊசிகளை வாயிலிருந்து எடுத்தாள். "ஒரு நிமிஷம் மேடம்," என்று சொல்லித் திரையை விலக்கினாள்.

கட்டர் அட்டையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரியில் விரல் இருந்தது. அவளை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ கேட்கப்போகிறவர் போல வாய் திறந்தது. மூடிக்கொண்டது. அட்டையை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். பழுப்புக் காகிதத்தை விரித்தார்.

அவர் பேசாமல் இருப்பது புதிதல்ல. கத்தரி பேசாமல் இருப்பதுதான் புதிது. விரித்த காகிதத்துக்கு முன்னால் அது வெகுநேரம் சும்மா கிடந்தது.

*

கோபத்தில் ஒருவர் பேசாமல் இருந்தால் பாத்திரம் சத்தம் போடும், கதவு சத்தம் போடும். இது அப்படி இல்லை. எதையும் தட்டாத, எதன் மீதும் மோதாத அமைதி. பதினோரு மணிக்கு அவள் வைத்த தேநீரைக் குடித்தார். டம்ளரைத் தானே கழுவி வைத்தார். மறுபடியும் காகிதத்துக்கு முன்னால் போய் நின்றார்.

அவருக்குத் தெரிந்துவிட்டதா? டேப்பு நூறு தடவை யோசித்தாள். பெயர் இல்லை. எடை குறைந்த பிறகு அவர் அவளுக்கு அளவு எடுத்ததே இல்லை, அவள் விட்டதில்லை. "பழைய சட்டையைப் பிடிச்சுக்கிறேன், போதும்," என்று தானே பக்கத் தையலை இறுக்கிப் போட்டுக்கொண்டாள். அந்த எண்களை வைத்து அவருக்கு அவளைத் தெரிந்திருக்க வழியே இல்லை.

"டேய், காகிதத்தை வெட்டறியா, பெருமூச்சை வெட்டறியா?" என்றாள் காஜா அக்கா.

கத்தரி நகர ஆரம்பித்தது.

மதியச் சாப்பாடு முடிந்து வாசல் கதவைப் பாதி சாத்திய பிறகு அவர் கூப்பிட்டார்.

"இங்க வாம்மா."

மேசை மேல் இரண்டு முன்பக்கத் துண்டுகள். காகிதத்தில் வெட்டியவை. ஒன்று பதிமூன்றே முக்காலுக்கு, ஒன்று பத்தரைக்கு. பக்கத்தில் அட்டை நிமிர்ந்து கிடந்தது.

"இடது தோள் கால் இன்ச் இறக்கம்னு எழுதியிருக்க," என்றார்.

அவள் அட்டையைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு வருஷமா அந்தத் தோளுக்கு நான் வெட்டறேன். கல்யாணத்துக்கு முன்னாடி முதல் சட்டை வெட்டினப்போ சரியா உக்காரல. அன்னைக்குக் கண்டுபிடிச்சது அந்தக் கால் இன்ச். எடை குறையும். எலும்பு குறையாதில்ல?"

மின்விசிறி சுற்றியது. காகிதத்தின் ஓரம் எழுந்து எழுந்து படிந்தது.

"சொல்லணும்னுதான் இருந்தேன்," என்றாள்.

"அட்டைகிட்ட சொல்லியிருக்க."

"உங்ககிட்ட சொன்னா, நீ இப்படியே நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவீங்க."

"ஆமா. சொல்லுவேன்."

"அதுக்கப்புறம் நான் என்ன பேசறது? நல்லா இருக்கேன்னு சொல்ற ஆள்கிட்ட இல்லேன்னு சண்டை போடணுமா?"

அவர் பத்தரையை எடுத்து, பதிமூன்றே முக்காலின் மேல் வைத்துப் பார்த்தார். "இது எப்படி மூணேகால் இன்ச் ஏறும்?"

அவளுக்கு வேலைப் பேச்சு வந்ததும் குரல் நேரானது. "உள்ள இருக்கிறதை மேல நகர்த்தி வைப்பாங்க. மிச்சம் இருக்கிற தோலை எடுத்துடுவாங்க. நம்ம துணியை மடிச்சு டாட் பிடிக்கிற மாதிரிதான். நுனியைச் சுத்தி ஒரு தையல், நேரா கீழ ஒண்ணு, மடிப்புல ஒண்ணு."

"தழும்பு?"

"இருக்கும். மங்கும், ஆனா போகாது. போயிடும்னு சொல்ற டாக்டர்கிட்ட போகாதீங்கன்னு அவங்களே சொன்னாங்க. உணர்ச்சி கொஞ்சம் குறையலாம். திரும்ப எடை ஏறினா இதுவும் இறங்கும். ஆறு மாசமா ஒரே எடையில இருக்கேனான்னு கேட்டாங்க. எட்டு மாசம்னு எழுதி வச்சதைக் காட்டினேன்."

"மயக்க மருந்து?"

"குடுப்பாங்க. ஆபத்தே இல்லைன்னு யாரும் சொல்லல. அப்புறம் ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாதாம்."

அவர் கத்தரியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். வெட்டுவதற்கு இல்லை.

"எனக்கு வெட்டறவங்களைத் தெரியும்," என்றார் மெதுவாக. "நானே ஒருத்தன். எத்தனை வருஷம் ஆனாலும், முதல் வெட்டு போடும்போது ஒரு தடவை நெஞ்சு அடிச்சுக்கும். தப்பாப் போனா வேற துணி எடுத்துக்கலாம்னு ஒரு தைரியம் இருக்கு, அதுல ஓடுது. அவங்களுக்கு வேற துணி ஏது?"

அந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஆபத்து என்பார், செலவு என்பார், இந்த வயதில் எதற்கு என்பார் என்று எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தாள். இதற்கு இல்லை. அப்புறம் நினைவு வந்தது.

"நான் ஒண்ணு கேட்டேங்க அவங்ககிட்ட. கோடு போடும்போது நிக்க வச்சுப் போடுவீங்களா, படுக்க வச்சுப் போடுவீங்களான்னு."

அவர் நிமிர்ந்தார். "என்ன சொன்னாங்க?"

"பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு கேட்டாங்க."

"அதை விடு. என்ன சொன்னாங்க?"

"நிக்க வச்சுத்தான். மயக்கம் குடுக்கறதுக்கு முன்னாடி, கண்ணாடி முன்னாடி நிக்க வச்சு, பேனாவால எல்லாக் கோடும் போட்டுடுவாங்களாம். படுத்தா எல்லாம் பக்கவாட்டுல ஓடிடும், அதுல கோடு போட்டா எழுந்து நிக்கும்போது தப்பா இருக்கும்னாங்க."

கட்டர் கத்தரியைக் கீழே வைத்தார். மேசையில் விரித்துப் போட்ட துணி ஒன்று சொல்லும், தோளில் தொங்கும் துணி இன்னொன்று சொல்லும். இது தெரியாதவனை அவர் தையற்காரன் என்றே ஒத்துக்கொண்டதில்லை.

"இடது தோள் இறக்கத்தைச் சொன்னியா?"

"சொல்லல."

"சொல்லு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வச்சா, கண்ணாடியில இடது பக்கம் கீழ தெரியும்."

அவள் அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே வந்து சொல்லுங்க," என்றாள்.

"வர்றேன்."

*

"முடிஞ்சுதா உங்க கட்டிங் மாநாடு?"

காஜா அக்கா மெஷினுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அந்தக் கடையில் ஓர் அறைதான். எதையும் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருந்ததில்லை.

"ஏன் டேப்பு, இந்த வயசுல யாருக்குக் காட்டப் போற?"

"கண்ணாடிக்கு அண்ணி."

"கண்ணாடி என்ன கேட்டுச்சா?"

"நான்தான் அது கூடப் பேசறதை நிறுத்திட்டேன். ஊர்ல இருக்கிற பொம்பளைங்களை எல்லாம் அதுக்கு முன்னாடி நிக்க வச்சு, நேரா நில்லுங்க, நிமிந்து பாருங்கன்னு சொல்றேன். நான் லைட்டை அணைச்சுட்டு நிக்கிறேன். எனக்குப் பிடிக்கல அண்ணி. இவருக்காக இல்ல, யாருக்காகவும் இல்ல. நாற்பது கிலோ நான்தானே இறக்கினேன்? மிச்சத்தையும் நானே பாத்துக்கறேன்."

"ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாதுன்னா துணி ரோலை யாரு தூக்கறது?"

"உங்க தம்பி."

"அவனா? அவன் தூக்கினா ரோல் அவனைத் தூக்கிட்டுப் போகும்."

கட்டர் சிரித்தார். காலையிலிருந்து முதல் தடவை.

அக்கா ஊசிக் கண்ணில் நூல் கோத்தாள். முதல் தடவை நுழையவில்லை. இரண்டாவது தடவையும் நுழையவில்லை. "எடுத்தவுடனே வெட்டிடுவாங்களா? முன்னாடி ஏதாவது பாப்பாங்களா?"

"ரத்தம் பாப்பாங்க. இதயம் பாப்பாங்க. நாற்பது தாண்டிட்டதால மேமோகிராம் எடுக்கணும்னாங்க."

"அது என்ன?"

"மார்புக்கு எடுக்கிற எக்ஸ்ரே அண்ணி. உள்ள கட்டி கிட்டி இருக்கான்னு."

"வலிக்குமா?"

"கொஞ்சம் அழுத்துமாம்."

"கட்டி இருந்தா? உடனே எடுத்துடுவாங்களா?"

"கட்டின்னா எல்லாமே பயப்படற கட்டி இல்லையாம். பாத்தாத்தான் தெரியும்னாங்க."

அக்கா நூலை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கிண்டல் வரவில்லை. மூன்று மணிக்கு வந்த வாடிக்கையாளர் காஜா கோணலாக இருக்கிறது என்றபோதும், "பிரிச்சுப் போட்டுத் தர்றேன்," என்று மட்டும் சொன்னாள். வேறு நாளாக இருந்தால் கோணல் காஜாவில் இல்லை, நீங்கள் நிற்பதில் இருக்கிறது என்று சொல்லியிருப்பாள்.

உடம்புகளைப் பார்ப்பதுதான் டேப்புவின் வேலை. கொஞ்ச நாளாகப் பார்த்தும் பார்க்காமல் விட்டவை இப்போது ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. அக்கா பையை வலது தோளுக்கு மாற்றியிருந்தாள். துணியை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறவள், இடுப்பில் வைத்துத் தூக்கினாள். சட்டை ஒரு சைஸ் பெரிதாக இருந்தது.

கடைக் கோட்டுக்கு இரண்டு அட்டைகள் பழசு. அளவு எடுக்க விடாதவர்கள் இரண்டு பேர்.

*

நாலே முக்கால். டேப்பு கைப்பேசியைக் கையில் எடுத்தபோது, காஜா அக்கா டிரையல் ரூம் வாசலில் நின்றாள்.

"டேப்பு, டேப்பை எடுத்துட்டு வா. என் அட்டையைப் புதுசா எழுதிடு."

உள்ளே போனதும் அக்கா திரையை இழுத்துவிட்டாள். கை தன்னால் விளக்குப் பொத்தானுக்குப் போனது.

"இருக்கட்டும் அண்ணி," என்றாள் டேப்பு. "வெளிச்சத்துல பாப்போம்."

மூன்று கண்ணாடிகளில் மூன்று காஜா அக்காக்கள் சட்டைப் பொத்தானைக் கழற்றினார்கள். அக்கா இடது கையைத் தூக்கினாள். டேப்புவின் விரல்களைப் பிடித்து, மார்பின் ஓரத்தில், அக்குளுக்குச் சற்றுக் கீழே வைத்தாள்.

கெட்டியாக, உருண்டு, ஓரிடத்தில் இருந்தது.

"சட்டை பட்டன் அளவு," என்றாள் அக்கா. வாழ்நாளெல்லாம் பட்டன் தைத்தவள். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியும் பட்டன்தான். கொஞ்சம் சின்ன பட்டன். உன் டேப்புல இது வருமா?"

டேப்பு விரலை எடுக்கவில்லை. ஆறுதலாக எதையாவது சொல்லலாம். டிரையல் ரூமில் அவள் யாருக்கும் பொய் சொன்னதில்லை.

"வராது அண்ணி. இதை வேற இடத்துலதான் அளக்கணும்."

"தம்பிகிட்ட சொல்லாதே."

"நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அட்டை பெட்டியில விழுந்துடுச்சு."

கண்ணாடியில் அக்கா லேசாகச் சிரித்தாள். பொத்தானைப் போட்டுக்கொண்டாள். ஒரு காஜாவைத் தவறவிட்டாள். டேப்பு சரிசெய்துவிட்டாள்.

அங்கேயே நின்று டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டாள். ஐந்துக்கு ஏழு நிமிடம் இருந்தது.

"மூணு வாரத்துல ஒரு இடம் இருக்குன்னு சொன்னீங்களே, அதை எனக்கே வச்சுடுங்க. ஆமா, உறுதிதான். ஆமா, வீட்டுல சொல்லியாச்சு, அவரும் கூட வர்றார். டாக்டரம்மாகிட்ட அவருக்கு ஒரு விஷயம் சொல்லணுமாம்." அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அப்புறம், அந்த மேமோகிராம். அடுத்த வாரம் வேணாம். நாளைக்குக் காலையில முதல் ஆளா குடுங்க. எனக்கு மட்டும் இல்ல. ரெண்டு பேர். ரெண்டாவது ஆளை டாக்டர் கையாலயும் பாக்கணும். ஒரு கட்டி இருக்கு."

மறுமுனையில் அந்தப் பெண் ஏதோ கேட்டாள். டேப்பு கைப்பேசியை மூடிப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"பேர் கேக்கறாங்க அண்ணி. என்ன சொல்லட்டும்?"

அக்கா திரையைப் பார்த்தாள். திரைக்கு அந்தப் பக்கம் கத்தரி, ஒரே சீராக, நீளமாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல துணி கிடைத்தால் கட்டர் அப்படித்தான் வெட்டுவார், நடுவில் நிறுத்தாமல்.

"குடு இப்படி," என்று கைப்பேசியை வாங்கினாள்.

தன் பெயரை முழுசாகச் சொன்னாள். எழுத்து எழுத்தாகச் சொன்னாள். வயதைச் சொன்னாள். எந்தப் பக்கம் என்பதையும் சொன்னாள். காஜா மெஷின் ஓடும்போது பேசிப் பழகிய குரல் அது. அதற்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

திரைக்கு அந்தப் பக்கம் கத்தரி பாதித் துணியில் நின்றது.